மாஸ்டர் என் பேரைத்தான் போட்டாரு

சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஒம்போது பாயிண்டுல தோத்துட்டு வந்து ஒக்காந்திருக்கேன், ஒருத்தனாவது ஒரு வாய்த் தண்ணி குடுத்தீங்களா? பஜ்ஜிய மட்டும் கரெக்டா பங்கு போடுறீங்க. டேய் சங்கிலி, நீ சிரிக்கவே கூடாது. ஸ்கூல் டீம்ல கோகோ ஆட வந்துட்டு, ஒக்காந்த எடத்துலயே தூங்குனவன் நீ. குமரவேலு மாப்ள அதுக்கும் மேல. முதுகுல தட்டி கோ குடுத்தா, எந்திரிச்சு எதிர் டீம்காரனோட சேந்து ஓடுனவன். நீங்க ரெண்டு பேரும் என்னப் பாத்து, கோச்சு கோச்சுன்னு பல்லக் காட்டுறீங்க.

சரி, கேட்டீங்கல்ல. மேட்ச் முடிஞ்சதும் ஏன்டா கழுத்துல இருந்த கார்டக் கழட்டி வாட்ச்மேன் கையில குடுத்துட்டு வந்தன்னு. சொல்றேன். நடுவுல பேசக் கூடாது. பேசுனா பஜ்ஜி எனக்கு.

மூணு வருஷம்டா. பாலிடெக்னிக்க விட்டப்பறம் அந்தக் கிரவுண்டுல நான்தான். மெக்கானிக்கலுக்கு என்னப் புடிக்கல, எனக்கு மெக்கானிக்கலப் புடிக்கல, சண்ட சச்சரவு இல்லாம பிரிஞ்சுட்டோம். சாயங்காலம் நாலரைக்குப் போனா பொட்டப் புள்ளைங்க பதினாலு பேரு காம்பவுண்டு மேல ஒக்காந்திருக்கும். சீலண்ணா சீலண்ணான்னு. எங்க வீட்ல என்னைத் தனசீலன்னு முழுப் பேரச் சொல்லிக் கூப்புட்டா அன்னைக்குத் திட்டு இருக்குன்னு அர்த்தம். கிரவுண்டுல சீலண்ணா. எவளாவது விழுந்து முட்டியத் தேச்சுக்கிட்டா, அழ ஆரம்பிக்கறதுக்குள்ள சிரிக்க வச்சிருவேன். விளையாட்டு கத்துக்கிட்டாளுங்களான்னு கேக்காத. சந்தோஷமா இருந்தாளுங்க.

அந்தக் கோபிகா இருக்காளே, இன்னைக்கு நம்மள ஓட ஓட வெரட்டுனாளே, அவளக் கண்டுபுடிச்சதே நான்தான். அஞ்சாவது படிக்கறப்போ தெருவுல கோழி தொரத்திட்டு இருந்தா. கோழி தோத்துப் போச்சு. அப்பவே அவங்கம்மா கஸ்தூரி அக்காகிட்ட போயி, அக்கா, இந்த ரெண்டு காலையும் கிரவுண்டுக்கு அனுப்புன்னு சொன்னேன். இத எழுதி வச்சுக்கோங்க.

அப்பறம்தான் அந்தாளு வந்தாரு. அமலதாஸ் மாஸ்டர். காரைக்கால் பக்கம். நகராட்சியில கிரவுண்டுக்கு ஒரு கோச் போடறாங்கன்னு நானும் போய் விசாரிச்சேன். டிகிரி வேணும்னாங்க. நமக்குக் காய்ச்சல் வந்தாத்தான் டிகிரி. அவருகிட்ட ரெண்டு இருந்துச்சு.

ஆள நீங்க பாத்தீங்கல்ல. சிரிக்கவே மாட்டாரு. சத்தம் போடவும் மாட்டாரு. விசில்கூட அளந்து ஊதுவாரு. மொத நாளு வந்தாரு, புள்ளைங்கள வரிசையா ஒக்கார வச்சாரு, நெகத்தக் காட்டச் சொன்னாரு. கோகோவுல தொடறப்போ நெகம் கீறும்ல, அதுக்காம். சாவிக்கொத்துல நெகவெட்டி வச்சிருந்தாரு. அவரே வெட்டிவிடல, ஆளாளுக்குக் குடுத்து வெட்டிக்கச் சொன்னாரு. நான் ஓரமா நின்னு, ஏன் மாஸ்டர், அடுத்தது பேன் பாக்கறதான்னு கேட்டேன். எவளும் சிரிக்கல. பதினாலு பேரும் குனிஞ்சு நெகம் வெட்டிட்டு இருக்காளுங்க. எனக்கு அன்னைக்கே அந்தாளப் புடிக்கலடா. பொய் சொல்லல.

கோ குடுக்கறதுன்னா முதுகுல தட்டணும்ல. அந்தாளு சொல்லித் தர்றப்போ கை வைக்க மாட்டாரு. பேப்பரச் சுருட்டி வச்சுக்கிட்டு, அதால தட்டி, இந்த எடத்துலம்மா, இவ்ளோதான் அழுத்தம்பாரு. பேப்பரு பட்டதும் புள்ளைங்க சிரிக்கும். மூணு வருஷம் நான் தலைகீழா நின்னு சிரிக்க வச்ச புள்ளைங்க, பழைய பேப்பருக்குச் சிரிக்குதுங்க. உங்களுக்குப் புரியாது. உங்களப் பாத்து எவளும் சிரிச்சதில்ல.

பேரு வேற. பதினாலு பேரு பேரும் ரெண்டே நாள்ல மனப்பாடம். யாருக்கு எந்தக் கால்ல சுளுக்கு, யாரு மத்தியானம் சாப்புடாம வந்தா, எல்லாம் தெரியும். நான் பாதிப் பேர இன்னும் ஏய் குட்டின்னுதான் கூப்புடுறேன். அது பாசம்டா. அவருது லிஸ்டு.

ஒரு நாளு அவரு ஏதோ திசை மாறி ஓடறதப் பத்திச் சொல்லிட்டு இருந்தாரு. நான் பின்னால நின்னு அவரு மாதிரியே கைய ஆட்டி நடிச்சுட்டு இருந்தேன். கோபிகா திரும்பிப் பாத்தா.

"சீலண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க. மாஸ்டர் பேசுறாரு."

கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னா. அதான்டா. கோவமா சொல்லிருந்தா நான் ஒண்ணு திருப்பிச் சொல்லிருப்பேன்.

அந்த நேரத்துலதான் கேட்டுல நோட்டீஸ் ஒட்டுனாங்க. புள்ளைங்ககூட வேல செய்யற யாரா இருந்தாலும், வேன் ஓட்டுறவரு, டான்ஸ் சொல்லித் தர்றவங்க, கிரவுண்டுல விசில் ஊதுறவன் வரைக்கும், போலீஸ் விசாரிக்கணும், கமிட்டி பாக்கணும், கார்டு குடுத்தாத்தான் உள்ள விடுவாங்கன்னு. நல்ல ரூல்தான். அத நான் குத்தம் சொல்லவே மாட்டேன். நாட்டுல என்னென்னமோ நடக்குது, கேட்டு விசாரிச்சுத்தான் ஆகணும். நம்ம ஊரு ஜாதகம்தான் தனி. பெட்ரோல் பங்கு வரைக்கும் தமிழ்நாடு, தாண்டுனா பாண்டி. இங்க ஒரு கவர்மெண்ட்டு, அங்க ஒரு கவர்மெண்ட்டு. இங்க ஒரு லிஸ்டு, அங்க ஒரு லிஸ்டு. கொசு மட்டும் ரெண்டு பக்கமும் பொது.

ஃபாரத்துல ஒரு எடம் இருக்கும். சொந்தக்காரங்க இல்லாம, உள்ளூருல உங்களத் தெரிஞ்ச ரெண்டு பேரு. நான் எங்க தெரு கவுன்சிலரப் போட்டேன், இன்னொண்ணுக்கு மாஸ்டரப் போட்டேன். பெரிய கையெழுத்து, ரெண்டு டிகிரி, கெடக்கட்டுமேன்னு. அன்னைக்கே அவரும் ஃபாரத்தோட என்கிட்ட வந்தாரு. அவரு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. கிரவுண்டு, வாடகை வீடு, ஞாயித்துக்கெழம சர்ச்சு, அவ்ளோதான்.

"தம்பி, வீட்டுக்காரர விட்டா இந்த ஊர்ல எனக்கு உங்களத்தான் தெரியும். பேரப் போட்டுக்கவா?"

போட்டுக்கோங்க மாஸ்டர்னேன். தொடை மேல அட்டைய வச்சு எழுதுனாரு. என்ன ஒறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நண்பர்னு எழுதுனாரு. நான் பாத்துட்டுத்தான் நின்னேன்.

நம்மூர்ல போலீஸ் விசாரணைன்னா எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஸ்டேஷனுக்கெல்லாம் கூப்புட மாட்டாங்க. ஏட்டையா டீக்கடைக்கு வருவாரு. ஒரு டீ சொல்லுவாரு. முட்டி மேல பேப்பர வச்சுக்கிட்டு, ஆளு எப்படிம்பாரு. பாஸ்போர்ட்டுக்கும் அதான், வேலைக்கும் அதான், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டாலும் அதான். அந்த டீ ஆறறதுக்குள்ள நீ நல்லவனா கெட்டவனான்னு முடிஞ்சுரும்.

அன்னைக்கு நீங்கெல்லாம் இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன். ஏட்டையாவுக்கு என்னப் புடிக்கும், நாலு ஜோக்கு சொல்லுவேன்ல. வந்ததும் மொதல்ல என் விஷயத்தச் சொன்னாரு. பாலிடெக்னிக்ல பஸ் டே அன்னைக்குக் கூரை மேல ஏறி ஆடுனதுக்கு என் பேருல ஒரு கேஸு இருக்குல்ல, அதத் தூக்கிட்டுப் போயி மாஸ்டர்ட்ட கேட்டாராம். இப்படி ஒரு கேஸு இருக்கு, இவன எப்படி உள்ள விடுறதுன்னு. அதுக்கு அந்தாளு, அது வயசுல பண்ணுனது சார், புள்ளைங்க விஷயத்துல அவன் சுத்தம், எனக்கு ஒரு மக இருந்தா அவன் கிரவுண்டுக்கு அனுப்புவேன்னு சொன்னாராம். ஒனக்குக் கார்டு வந்துரும்டா, அந்த ஒரு வார்த்தை போதும்னாரு ஏட்டையா.

கேட்டதும் உங்களுக்கு என்ன தோணும்? நன்றி தோணும். எனக்கு எரிஞ்சுச்சுடா. நல்லவனா இருக்கறதுலயும் அந்தாளு என்ன முந்திக்கிட்டாரேன்னு. கிரவுண்டுல அவரு பெரியவரு, சரி. இப்ப நானே அவரு போட்ட பிச்சையில நல்லவனா?

அப்பறம் ஏட்டையா பேப்பரத் திருப்புனாரு. சரி, அவரு எப்படின்னாரு.

நல்லவருதான் ஏட்டையான்னேன்.

என்ன இழுக்கறன்னாரு.

"ஒண்ணுமில்ல ஏட்டையா. தெனம் முடிஞ்சதும் ஒரு புள்ளைய மட்டும் தனியா வண்டில ஏத்திட்டுப் போவாரு. அது எனக்கெதுக்கு."

ஏட்டையா டீய வச்சுட்டாரு. எந்தப் புள்ளன்னாரு. சொன்னேன். என்ன வயசுன்னாரு. சொன்னேன். எத்தன நாளான்னாரு. நாலஞ்சு மாசம் இருக்கும்னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்ளோதான். நான் சொன்னதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன். அவரு வண்டில ஏத்திட்டுப் போனாரா? போனாரு. தெனம் போனாரா? போனாரு. ஏட்டையா எழுதிக்கிட்டு எந்திரிச்சாரு. டீயில பாதி அப்படியே இருந்துச்சு.

இருவது நாள் கழிச்சுக் கேட்டுல லிஸ்டு ஒட்டுனாங்க. பத்தொம்போது பேரு. பதினெட்டு பேருக்கு நேரா அனுமதி. ஒருத்தருக்கு நேரா, குழந்தைகள் நலன் கருதி அனுமதி இல்லை. அவ்ளோதான் போட்டிருந்துச்சு. என்ன ஏதுன்னு போடல. போட்டிருந்தாக்கூடப் பரவால்லடா. போடாததால ஊரே ஆளுக்கொண்ணு போட்டுக்கிச்சு. காய் வாங்க வந்தவங்க நின்னு படிச்சாங்க. வீட்டுக்காரரு மறுநாளே வேற வீடு பாத்துக்கோங்கன்னுட்டாரு. சர்ச்சுல பக்கத்துல ஒக்காந்தவங்க பெஞ்சு மாறுனாங்களாம். மாஸ்டர் யாருகிட்டயும் போயி நியாயம் கேக்கல. அந்த லிஸ்டு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாரு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. ஒருவேளை வேற அமலதாஸா இருக்குமோன்னு பாத்தாரோ என்னவோ.

கஸ்தூரி அக்கா மட்டும் சும்மா இருக்கல. அந்த அக்கா எறால் கம்பெனில ரெண்டாம் ஷிப்டு, புருஷன் இல்ல. எம் புள்ளையக் கொண்டாந்து எங்க அம்மா வீட்ல விடுங்கன்னு நான்தானே மாஸ்டரக் கேட்டுக்கிட்டேன், என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாடா பாவிங்களான்னு ஸ்டேஷன் வாசல்ல நின்னு கேட்டுச்சு. அவங்க, இது கமிட்டி முடிவு, ஜில்லாவுக்கு அப்பீல் போடும்மான்னாங்க. போட்டாங்க. அது எங்கயோ போயி ஒக்காந்துக்கிச்சு.

எனக்குக் கார்டு வந்துருச்சு. நீலக் கயிறு, போட்டோ, சீலு. பதினாலு புள்ளைங்களும் திரும்ப எனக்குத்தான். நான் என்ன நெனச்சேன், பழையபடி ஆயிரும்னு நெனச்சேன். மொத வாரம் பதினோரு பேரு. அடுத்த வாரம் ஆறு. வந்தவளுங்களும் என்ன பண்ணுவாளுங்க தெரியுமா? நான் ஏதாவது சொல்லித் தந்தா, மாஸ்டர் இப்படிச் சொல்ல மாட்டாருண்ணான்னு சொல்லுவாளுங்க. ஆளு இருந்தாருன்னா போட்டிக்கு நிக்கலாம். இல்லாத ஆளோட எப்படிடா போட்டி போடறது? கோபிகா வரவே இல்ல. தெருவுல பாத்தா தலையக் குனிஞ்சுட்டுப் போவா. கோழி தொரத்துறதையும் விட்டுட்டா.

அப்பறம் மாஸ்டர் பெட்ரோல் பங்கத் தாண்டிட்டாரு. அங்க ஒரு கிளப்புல கோச்சு வேணும்னு கேட்டுருக்காங்க. அங்கயும் விசாரணை உண்டு. ஆனா ஏட்டையா வரல. ஒரு மேடம் ஸ்கூட்டில பைல வச்சுக்கிட்டு பங்கத் தாண்டி நம்ம பக்கமே வந்துச்சு. ஒரு வீடு விடல. கஸ்தூரி அக்காவ உள்ள இருக்கச் சொல்லிட்டு, கோபிகாவ வாசப்படில ஒக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசிச்சாம். என்ன கேட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது. புள்ள அழாம எந்திரிச்சு உள்ள போனான்னு மட்டும் தெரியும். கடைசியா கிரவுண்டுக்கு வந்துச்சு. நீங்க சொன்னதா ஒரு ரிப்போர்ட் இருக்காமேன்னுச்சு. ஆமா மேடம்னேன். நான் பொய் சொல்லலன்னும் சொன்னேன். பொய்யின்னு நான் சொல்லலியே தம்பின்னுட்டு ஒண்ணு கேட்டுச்சு.

"அந்தப் பொண்ண அவரு யாரு சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு, எப்படி ஆரம்பிச்சுது, உங்களுக்குத் தெரியுமா?"

ஏட்டையா கேக்காத கேள்விடா அது. நான், தெரியாது மேடம்னேன். அந்தம்மா என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. தெரியாதுங்கறதையும் எழுதிக்கிச்சு.

அங்க அவருக்குக் கார்டு குடுத்துட்டாங்க. அதான் ஊரெல்லாம் நான் ஒரு ஜோக்கு சொல்லிட்டுத் திரிஞ்சேனே, பங்குக்கு அந்தாண்ட போனா மனுஷன் நல்லவராயிடுறாரு, பெட்ரோலோட சேத்து எதையோ அடிக்கிறாங்கன்னு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. டேய் குமரவேலு, நீ டீயே துப்புன. கோபிகா அந்தக் கிளப்புல சேந்துட்டா. அவளப் பாத்து இன்னும் ஏழு பேரு. அவங்கம்மாங்க எல்லாம் சேந்து ஆட்டோ வச்சு அனுப்புறாங்க. கவர்மெண்ட்டு விட்டு கவர்மெண்ட்டு போயி கோகோ ஆடறாளுங்க. நான் இங்க ஆறு பேரோட, மேட்ச்சுக்கு ஆள் பத்தாம புதுசா சேத்த மூணு பேரோட.

இன்னைக்கு மேட்ச்சு நீங்களே பாத்தீங்க. அவங்க டீமு நம்ம கிரவுண்டுக்கு வந்துச்சு. மாஸ்டர் எக்செல் வண்டில வந்து எறங்குனாரு. வாட்ச்மேன் அண்ணன் கேட்டத் தொறக்க முடியாம நிக்கறாரு, கையப் பெசையிறாரு. அந்தக் கார்டு இங்க செல்லாதுல்ல. மாஸ்டர் வண்டிய ரோட்டோரம் போட்டுட்டு, கைய பின்னால கட்டிக்கிட்டு வெளியவே நின்னாரு. கம்பியக்கூடத் தொடல. அதுக்கும் ஒரு ரூலு இருக்குமோன்னு நெனச்சாரு போல.

கோகோவுல ஒருத்தி இந்தப் பக்கம் பாத்து ஒக்காருவா, அடுத்தவ அந்தப் பக்கம் பாத்து ஒக்காருவா. எட்டுல நாலு பேரு மூஞ்சி கேட்டப் பாத்து. கோபிகாவுக்கு நம்மப் பக்கம் பாத்து ஒக்கார வேண்டி வந்தப்போ பாத்தேன்டா, திரும்பி ஒரு தடவ அவரப் பாத்துட்டுத்தான் ஒக்காந்தா. எடவேளையில எல்லாம் கேட்டுக்கு ஓடுதுங்க. கம்பி வழியா தண்ணி பாட்டில வாங்கிக் குடிக்குதுங்க. ஜெயில்ல மனு போட்டு ஆளப் பாக்கப் போன மாதிரி. உள்ள இருக்கறது யாரு, வெளிய இருக்கறது யாருன்னே எனக்குப் புரியல. நான் கழுத்துல கார்ட மாட்டிக்கிட்டு நடு கிரவுண்டுல நிக்கறேன். என் டீமு புள்ளைங்களும் கேட்டையே பாக்குதுங்க.

மேட்ச்சு முடிஞ்சதும் அவரு என்னக் கையக் காட்டிக் கூப்புட்டாரு. கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவரு. மொதல்ல என் டீமப் பத்தித்தான் பேசுனாரு. மூணாம் நம்பர் புள்ளைக்கு இடது கால்ல ஏதோ வலி இருக்கு, பாருங்கன்னாரு. எனக்கு அது தெரியவே தெரியாது. அப்பறம் சொன்னாரு.

"அப்பீலு வர்ற வாரம் எடுக்கறாங்க தம்பி. யாரோ தெரியாமச் சொல்லிட்டாங்க போல, யாருன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்களாம். நீங்க நல்லபடியாத்தான் சொல்லிருப்பீங்க, அது எனக்குத் தெரியும். இந்தத் தடவையும் உங்க பேரத்தான் போட்டிருக்கேன்."

சரிங்க மாஸ்டர்னு சொல்லிட்டேன். அவரு வண்டிய எடுத்தாரு. நான் கார்டக் கழட்டி வாட்ச்மேன் கையில குடுத்துட்டு இங்க வந்து ஒக்காந்தேன்.

என்னடா எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? பஜ்ஜியத் தின்னுங்க. நான்தான் சொன்னேனே, பொய் சொல்லலன்னு. உண்மையத்தான் சொன்னேன்.

சரிடா. அப்படிப் பாக்காத சங்கிலி.

கஸ்தூரி அக்கா ரெண்டாம் ஷிப்டு போட்ட அன்னைக்கு மொதல்ல கேட்டது மாஸ்டர இல்ல. என்னத்தான் கேட்டுச்சு. தம்பி, நம்ம தெருப் புள்ள, நீ போற வழிதானே, கொண்டாந்து விட்டுருப்பான்னுச்சு. அஞ்சரைக்கு உங்ககூட டீக்கடையில ஒக்காரணும்னு எனக்கு முடியாதுன்னுட்டேன். மாஸ்டர்ட்ட சொல்லுங்கக்கா, அவருக்கு வேற வேல என்ன இருக்குன்னேன். அதோட விடல. நானே அவருகிட்டயும் போயிச் சொன்னேன். அவரு வேணாம் தம்பி, ஒத்தப் புள்ளைய ஏத்திட்டுப் போனா நல்லா இருக்காதுன்னாரு. நான்தான், ஊரு ஒண்ணும் சொல்லாது மாஸ்டர், நான் இருக்கேன்ல, கூட்டிட்டுப் போங்கன்னு அந்தப் புள்ளையத் தூக்கி அவரு வண்டில ஒக்கார வச்சேன். அப்பறம் ஏட்டையாட்ட சொன்னதும் நான்தான். வாய் தவறி வரல. ஜோக்கும் இல்ல. அந்தாளு கிரவுண்ட விட்டுப் போகணும்னே சொன்னேன்.